குருவி தின்றதை எண்ணுகிறவர்

இடது கை கதிரின் காம்பைப் பிடித்திருக்க, வலது கை இடுக்கியால் ஒவ்வொரு உமியாகப் புரட்டுகிறது. பிளந்து கிடந்தால் அது குருவி தின்ற நெல். தாளில் ஒரு கோடு. வாய் மூடித் தட்டையாக இருந்தால் பதர், கோடு கிடையாது. ஐம்பது கதிர்களில் கோடுகள் நாலாயிரத்தைத் தாண்டிவிட்டன. மேசையில் ஒரு நெல்மணிகூட இல்லை.

மழையை மட்டும் நம்பி விளையும் பழைய நெல் ரகங்களில் நாற்பதை விதைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் பண்ணையில் அவர் களப் பணியாளர். எல்லோருக்கும் ‘பூதக்கண்ணாடி’, அவசரத்துக்குப் ‘பூதம்’. உமி பறக்கும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவார். தட்டச்சு செய்யும் அக்கா தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடுகிறார்.

பெயர் தெரிந்தால் பாசம் வந்துவிடும் என்று ரகங்களுக்கு எண் மட்டுமே வைத்திருக்கிறார். எண்களின் மேலும் பாசம் வந்துவிட்டது. “முப்பத்தொண்ணு இருக்கே, சரியான சோம்பேறி. நாலு மழை பெஞ்சாத்தான் கண்ணையே தொறக்கும். ஒம்பது பரவால்ல, ஆனா காத்தடிச்சா படுத்துக்கும்.” பதினேழைப் பற்றிக் கேட்டால் மட்டும் இடுக்கி நின்றுவிடுகிறது.

இந்தப் பருவத்தில் மழை இருபது நாள் முன்னதாகவே நின்றுபோனது. மற்றவை பூத்தும் பூக்காமலும் வாட, பதினேழு மட்டும் முந்திக்கொண்டு முற்றியது. வட்டாரத்துக் குருவிகள் அத்தனையும் அதன் மேல் இறங்கின. வலை இருந்தது. ஆனால் எல்லா ரகத்துக்கும் ஒரே நாளில்தான் வலை, எதற்கும் சலுகை கூடாது என்பது விதி. விதியை எழுதியவர் இவரே. நான்கு நாள் வரப்பில் நின்று கை தட்டி விரட்டினாராம். அதையும் நாற்பது பாத்திக்கும் சமமாக.

பதினேழில் அறுத்தது பூஜ்யம். கடைசி ஐந்து இடங்களில் வருகிற ரகங்களை அடுத்த பருவத்தில் விதைக்க மாட்டார்கள். பட்டியல் இன்று மூன்று மணிக்குப் போக வேண்டும்.

“தின்னது குருவி, அஜீரணம் இவருக்கு,” என்கிறார் சாப்பாடு கொண்டுவந்த மனைவி. “ரெண்டு நாளா சோத்துலகூட உமியத் தேடறாருங்க.”

“சும்மா இரும்மா, எண்ணிக்கை விட்டுப்போகும்.”

“விட்டுப்போக அதுல என்னங்க இருக்கு?”

பாத்தியில் குருவிகள் சிந்திய ஒரு பிடி நெல்லை நிறுத்து, ஒரு மணியின் எடையைக் கண்டு, கோடுகளோடு பெருக்கி, ஐம்பது கதிரின் கணக்கைப் பாத்தியின் மொத்தக் கதிர்களுக்கும் விரித்து முடித்தபோது வாசலில் பண்ணை அதிகாரி நின்றிருந்தார். பதினேழுக்கு நேரே ஒரே கட்டத்துக்குள் இரண்டு வரிகள். அறுத்தது: பூஜ்யம். விளைந்தது: மூன்றரை கிலோ. மற்ற பாத்திகளில் எதுவும் இரண்டு கிலோவைத் தாண்டவில்லை.

“என்ன பூதம், குருவியச் சாட்சிக்குக் கூப்பிடுவீங்களா? கட்டத்துக்கு ஒரு எண்தான்யா. எது சரி?”

“ரெண்டும் சரிதான் சார். பூஜ்யம் என்னோட விளைச்சல். மூணரை பதினேழோடது.”

அதிகாரி பேனாவைத் திறந்தபடி கையை நீட்டினார். எதற்கும் சலுகை காட்டாத மனிதர், பூஜ்யத்தின் மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்து மறைத்தபடி தாளைக் கொடுத்தார்.