சுவரேறிய நத்தைகள்

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளை நத்தைக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கடையில் அவள் நல்ல கீரையாகப் பார்த்துப் பொறுக்கினால் கடைக்காரர், "வீட்டுக்கா, நத்தைக்கா?" என்று கேட்பார். "வீட்டுக்குன்னா வாடினதே போதும்" என்பாள்.

பின்பக்க அறையில் கண்ணாடித் தொட்டிகளில் குளத்து நத்தைகளை வளர்ப்பது அவள் வேலை. பிள்ளை வளர்ப்பதைவிட இதில் கவனம் வேண்டும். தண்ணீர் குளிர்ந்தால் நத்தை ஓட்டுக்குள் முடங்கிவிடும். இதமான சூட்டில் தின்று கொழுத்து, கண்ணாடியில் வழவழவென்று முட்டைக் கொத்துகளை ஒட்டும். சூடு மிஞ்சினால் அதுவும் நின்றுபோகும். சுண்ணாம்புச் சத்து குறைந்தால் ஓடு நகம் பட்டாலே நொறுங்கும். கூட்டம் அதிகமானால் முட்டை குறையும்.

அந்த வருடம் சாய ஆலையின் கழிவு ஆற்றைக் கெடுக்கிறதா என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு அவர்கள் தலையில் விழுந்தது. ஒரு வரிசைத் தொட்டிகளில் வெறும் குழாய்த் தண்ணீர். மறு வரிசையில் ஆலைக்குக் கீழே எடுத்த ஆற்றுநீரும் குழாய்த் தண்ணீரும் கலந்தது. நல்ல தண்ணீரில் முட்டை பெருகி, ஆற்றுநீரில் குறைந்தால் ஆலை மாட்டிக்கொள்ளும்.

அந்த ஆலையில்தான் அவள் தம்பி வேலை பார்த்தான். ஒருநாள் வீட்டுக்கு வந்து, அவள் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"நல்ல தண்ணி நத்தைங்க கொஞ்சம் செத்துப்போனா யாருக்குக்கா தெரியப்போகுது? ஆலைய மூடிட்டா நான் எங்க போவேன்?"

முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். கொடுத்த டீயைக் குடிக்காமலே போனான். அவன் கேட்டதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கூடப் பிறந்தவனை எப்படிக் காட்டிக்கொடுப்பது?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, அடுத்த வாரமே நத்தைகள் தின்பதை நிறுத்தின. அதிலும் ஆற்றுநீர் நத்தைகள் ஓரளவு தேவலாம். நல்ல தண்ணீர் நத்தைகள்தான் தண்ணீர் சுட்டதுபோலக் கண்ணாடிச் சுவரேறி, மூடியின் அடியில் ஒட்டிக்கொண்டன. கண்ணாடியில் ஒரு முட்டைக் கொத்துகூட இல்லை. கீழே சில ஓடுகள் அசையாமல் கிடந்தன.

ஆய்வை நடத்தும் மேடம் வந்து பார்த்தார். ஒவ்வொரு மூடியாகத் தூக்கிப் பார்த்தார்.

"இந்த ரூம் சாவி உங்ககிட்டயும் என்கிட்டயும் மட்டும்தானே இருக்கு?"

குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. தலையாட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் தம்பி விஷயம் நாளைக்கு இன்னொருவர் வாயால் தெரிந்தால், அப்புறம் என்ன சொன்னாலும் எடுபடாது.

"மேடம், என் தம்பி அந்த ஆலையிலதான் இருக்கான். நல்ல தண்ணி நத்தைங்கள ஏதாவது பண்ணச் சொல்லிக் கேட்டான். நான் முடியாதுன்னுட்டேன். நான் எதையும் தொடல."

மேடம் அவளை நிமிர்ந்து பார்த்தார். "சாவிய மேசைமேல வச்சிட்டுப் போங்க. நான் கூப்பிடுறேன்."

வீடு வந்து சேர்வதற்குள் நத்தைகள் செத்த விஷயம் எப்படியோ ஆலைவரை போயிருந்தது. தம்பி போன் செய்தான்.

"கடைசியில அக்கா அக்காதான்."

"நான் ஒண்ணும் பண்ணலடா."

"சரி சரி, நீ ஒண்ணும் பண்ணல" என்று அவன் சிரித்தான்.

மேடம் சந்தேகப்பட்டதைவிட இந்தச் சிரிப்பு அவளைச் சுட்டது. கையில் சோப்பு ஒட்டியிருந்ததா, அறை குளிர்ந்துவிட்டதா, கீரையில் பூச்சிமருந்து இருந்ததா என்று தன்னையே குடைந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் மதியம் மேடம் கூப்பிட்டார். அறையில் உட்காரச் சொன்னார்.

"காலையில குழாயத் திறந்ததும் வர்ற முதல் தண்ணிய எதுல பிடிப்பீங்க?"

குளோரின் வாடை போக எல்லாத் தண்ணீரையும் டிரம்களில் பிடித்து வைப்பது வழக்கம். முதல் டிரம் நல்ல தண்ணீர் வரிசைக்கு, அடுத்தது ஆற்றுநீரோடு கலக்க என்று சொன்னாள். சொல்லும்போதே குழாய் நினைவுக்கு வந்தது. போன மாதம்தான் துருப்பிடித்த இரும்புக் குழாயை எடுத்துவிட்டுப் பளபளவென்று செம்புக் குழாய் போட்டிருந்தார்கள்.

மேடமும் அதைத்தான் பிடித்திருந்தார். ராத்திரி முழுக்கக் குழாயில் தேங்கிய தண்ணீரில் செம்பு இறங்கியிருந்தது. மனிதருக்கு ஒன்றும் செய்யாத அளவுதான். நத்தைக்கு அது விஷம். சோதனை முடிவு கையில் இருந்தது.

"நேத்து உங்களச் சந்தேகப்பட்டேன்."

"நானா இருந்தாலும் பட்டிருப்பேன் மேடம்." சொல்லிவிட்டு மேசைமேல் இருந்த சாவியை எடுத்துக்கொண்டாள்.

பிளாஸ்டிக் குழாய் மாற்றி, குஞ்சு நத்தைகளை வளர்த்து, எல்லாம் ஆதியிலிருந்து தொடங்கியது. அதுவரை ஆலை கழிவை ஆற்றில் விட்டுக்கொண்டுதான் இருந்தது. இரண்டாம் முறை நல்ல தண்ணீர்த் தொட்டிகளில் கண்ணாடி தெரியாத அளவுக்கு முட்டை ஒட்டியது. ஆற்றுநீரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தது. அதிலும் பாதி பொரிக்கவில்லை. சாயம் போடும் பிரிவை மூடினார்கள். தம்பிக்கு வேலை போயிற்று.

பல மாதம் அவன் வாசல்படி மிதிக்கவில்லை. பிறகு தம்பி மனைவிதான் போன் செய்து, வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, நாளைக் காலை பஸ் என்று சொன்னாள். நத்தைக்கா கூப்பிடாமலே போய் நின்றாள். பெட்டிகளை ஏற்றும்வரை அவன் முகம் கொடுக்கவில்லை. பஸ் கிளம்பும் நேரம், "உன் பிள்ளைங்கள லீவுக்கு அனுப்பி வைக்கா" என்றான்.

"அனுப்புறேன்" என்றாள்.