கம்பிக் கட்டுரையின் கடைசி வரிகள்

இரங்கல் கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: "அந்தக் கட்டுரையை எழுதியது நான்."

மரகதம் இறந்த செய்தி கள்ளக்குறிச்சிக்குத் தந்தியாக வந்தது. அவள் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால், வெளியூர் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது கோவிந்தசாமி மாஸ்டரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் முகவரியைத்தான் கொடுத்திருந்தாள். மஞ்சள் காமாலை. வயது இருபத்தேழு. மாஸ்டர் தந்தியைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். எனக்கு முதலில் தோன்றியது துக்கம் அல்ல. இனிமேல் இவள் எதையும் எழுத மாட்டாள் என்று தோன்றியது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. அவளை அறிந்தவர்களுக்காக எழுதுகிறேன் என்பதால் இந்த வரிசையை மாற்ற எனக்கு மனமில்லை.

'நாலு பக்கம்' வாசகர்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும். புதிதாகக் கையில் எடுப்பவர்களுக்காகச் சொல்கிறேன். சென்னையிலிருந்து பழைய ஆய்வு இதழ்கள் கட்டுக்கட்டாக மாஸ்டருக்கு வரும். அவற்றில் வரும் புதிய ஆய்வுகளைத் தமிழில் சுருக்கி எழுதி, ஸ்டென்சில் வெட்டி, மாதம் ஒருமுறை நான்கு பக்கமாக வெளியிட்டோம். கட்டுமானப் பொருட்கள், நிதி, அரசியல் பொருளாதாரம், எரிசக்தி என்று துறைக்கொரு பக்கம். பொருட்களும் எரிசக்தியும் மரகதத்துக்கு, மற்ற இரண்டும் எனக்கு. ஸ்டென்சில் வெட்டுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, எழுதியதை இன்ஸ்டிடியூட்டில் உரக்கப் படிப்போம். ரைஸ்மில்காரர்கள், கரும்பு போடுகிறவர்கள், சந்தைக்கு வந்தவர்கள் என்று யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம். ஒரு வாக்கியத்துக்கு மூன்று முறை "இன்னா சொல்றீங்க?" என்று கேள்வி வந்தால் அந்த வாக்கியம் போய்விடும். அது மாஸ்டரின் விதி.

நானும் அவளும் எலவனாசூர்கோட்டை. ஒரே பள்ளி, ஒரே வகுப்பு. எங்களுக்குக் கரும்புத் தோட்டம் உண்டு. அதில் வெட்டுக்கு வருகிறவர்களில் அவள் அம்மா அஞ்சலையும் ஒருவர். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் மரகதத்தின் மதிப்பெண்தான் கூடுதல். கல்லூரி முடிந்ததும் ஆய்வுப் படிப்பில் அவளுக்கு இடம் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. "அவங்களுக்கின்னாம்மா, அப்ளிகேஷன் போட்டா சீட்டு வூட்டுக்கே வந்துடும்" என்று என் சித்தப்பா சிரித்தார். ஊரெங்கும் இட ஒதுக்கீட்டைப் பற்றியே பேச்சாக இருந்த நாட்கள் அவை. அவளுடைய மதிப்பெண் எனக்குத் தெரியும். சித்தப்பாவிடம் அதைச் சொல்லாமல் நானும் சேர்ந்து சிரித்தேன்.

நான் நிறையப் படிப்பவள். அவள் அப்படியல்ல. ஒரு கட்டுரையை எடுத்தால் பத்து நாள் அதையே வைத்துக்கொண்டிருப்பாள். உமிச் சாம்பலைப் பற்றி அவள் எழுதிய மாதம் நினைவிருக்கிறது. உமியைப் பதமாக எரித்த சாம்பலோடு சுண்ணாம்பைக் கலந்தால் சிமெண்டுபோல இறுகும் என்பது விஷயம். அதை எழுதியதோடு விடாமல், தீப்பெட்டிக்குள் வார்த்து ஒரு சின்னக் கட்டியும் செய்துகொண்டு வந்தாள். கட்டி கைமாறிக் கைமாறிப் போனது. ரைஸ்மில்லில் பாய்லர் எரிக்கும் காசி அதைத் தரையில் தட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இந்தச் சாம்பலத்தான நாங்க வண்டி வண்டியா ஏரிக்கரைல கொட்டிக்கினு கீறோம்?"

"ஆமாங்க."

"அப்ப எங்க மில்லு சாம்பல்ல செஞ்சா இப்படி வருமா? அது கருப்பா இருக்குமே."

மரகதம் கொஞ்சம் யோசித்தாள். "தெரியலீங்க. கேட்டுட்டு வந்து சொல்றேன்."

அன்று நான் நிதியைப் பற்றிப் படித்தேன். நிலப் பத்திரம் இல்லாதவர்கள் வங்கியில் கடன் வாங்குவது ஏன் கடினமாக இருக்கிறது என்பது பற்றி நன்றாக எழுதியிருந்தேன். பாதியில் நிமிர்ந்து பார்த்தால், காசி அந்தக் கட்டியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் அதைப் பிடுங்கப் பார்த்தார். நான் படித்து முடித்ததும் மாஸ்டர் மட்டும், "நல்லா கீதும்மா விஜயா, ரொம்ப விஷயம் கீது" என்றார். ரொம்ப விஷயம் இருக்கிறது என்று அவர் மரகதத்திடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அடுத்த மாதம் அவள் காசிக்குப் பதில் கொண்டுவந்தாள். "சூடு ஜாஸ்தியானா சாம்பல் செத்துடுதுங்க, இறுகாது. கம்மியானா கரி நின்னுடுது. உங்க பாய்லர்ல ரெண்டும் நடக்குது." காசி தொடையில் தட்டிச் சிரித்தார். "மொதலாளிக்கிட்ட சொல்லு தாயீ, பாய்லரே செத்துக்கினுதான் கீது."

அன்றைக்குத்தான் நான் ஒரு யோசனை சொன்னேன். எழுதியவர் வர முடியாமல், எழுதுகிறவர் ஒருவர், படிக்கிறவர் வேறொருவர் என்று சில மாதங்களில் நடந்துகொண்டிருந்தது. கேள்வி வந்தால் படிக்கிறவர் விழிப்பார். "யார் படிச்சிட்டு கேள்விக்குப் பதில் சொல்றாங்களோ, அவங்க பேரையே போட்டுடலாம் மாஸ்டர். அப்பதான் பொறுப்பு வரும்" என்றேன். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. மனதுக்குள் இருந்தது வேறு. மரகதத்துக்கு நாலு பேர் முன்னால் கோவையாகப் பேச வராது. மூன்று கேள்விக்கு இரண்டு முறை "தெரியலீங்க" என்பாள். அப்படிப்பட்டவள் பெயர் மெல்ல மறையும் என்று கணக்குப் போட்டேன். மாஸ்டர் என் யோசனையைச் சாக்பீஸால் கரும்பலகையில் எழுதிவைத்தார். அவள் பெயர் மறையவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவர்கள் பேச்சைத்தான் ஜனங்கள் நம்பினார்கள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் மரம் வெட்டிச் சாலையில் போட்ட வாரம். உளுந்தூர்பேட்டை முதல் கள்ளக்குறிச்சி வரை வழியெல்லாம் புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு என் அரசியல் பொருளாதாரப் பக்கத்துக்காக நான் எழுதிவைத்திருந்தது, இதுவரை நான் எழுதியவற்றிலேயே சிறந்தது என்று இன்றும் நினைக்கிறேன். கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோவது பற்றிய ஆய்வுகள் அப்போது நிறைய வந்துகொண்டிருந்தன. எந்த ஊருக்குக் கம்பி இழுத்தால் லாபம், எந்த ஊருக்கு நஷ்டம் என்று அவற்றில் எப்படி முடிவு செய்கிறார்கள், அந்த முறையில் கல்வராயன் மலை ஏன் எப்போதும் கடைசியில் வருகிறது என்பதை எழுதியிருந்தேன். நாங்கள் அதைக் கம்பிக் கட்டுரை என்றே சொல்வோம். கடைசி வரியை ஏழெட்டு முறை மாற்றி எழுதினேன்: "மின்கம்பங்கள் மலையடிவாரத்தில் கைகட்டி நிற்கின்றன."

காலையில் மரகதம் சைக்கிளோடு எங்கள் வீட்டு முன்னால் வந்து நின்றாள். அவள் எங்கள் வீட்டுக்குள் ஒருநாளும் வந்ததில்லை. நான் அழைத்ததும் இல்லை.

"வயக்காட்டு வழியா போனா மத்தியானத்துக்குள்ள போய்டலாம். வரியா?" என்றாள்.

அப்பா கூடத்திலிருந்தே குரல் கொடுத்தார். "ரோட்ல அடிச்சிக்கினு கீறானுங்க, ரெண்டு பொட்டப்புள்ளைங்க சைக்கிள்ல ஊர்வலமா? உள்ள போ விஜயா."

 உள்ளே போய்க் கட்டுரையை எடுத்து வந்து அவளிடம் நீட்டினேன். கார்பன் பிரதி மட்டும் என்னிடம் நின்றது. "நீ படிச்சிடு."

"பேரு?"

"அதெல்லாம் மாஸ்டர் பாத்துப்பாரு."

மாஸ்டர் கரும்பலகையைப் பார்த்தார். இதழ் வந்தபோது கட்டுரையின் கீழே 'மரகதம்' என்று இருந்தது. நான் பெயரை மட்டும் பார்த்தேன். என் எழுத்தை நானே ஏன் படிக்க வேண்டும் என்று இதழை மடித்துப் பெட்டியில் போட்டேன். சாலை திறந்த பிறகு அவளே தேடி வந்தாள்.

"பேர மாத்தச் சொல்லட்டுமா விஜயா? எனக்கு ஒருமாதிரி கீது."

"வேணாம். நான் போட்ட ரூல்தான?"

"கடைசில கொஞ்சம் மாத்தியிருக்கேன். பாத்தியா?"

"பாத்தேன்" என்றேன். பார்க்கவில்லை.

அதன் பிறகு இரண்டு வருடங்களில் அந்தக் கட்டுரையை எத்தனையோ பேர் பாராட்டினார்கள். திருக்கோவிலூரிலிருந்து ஒரு ஆசிரியர் அதை நோட்டில் எழுதி வைத்திருப்பதாகக் கடிதம் போட்டார். எல்லோரும் அதன் முடிவைச் சொன்னார்கள். "அந்த முடிவு ஒண்ணு போதும்மா" என்பார்கள் அவளிடம். அவள் என்னைப் பார்ப்பாள். நான் ஜன்னலைப் பார்ப்பேன். கைகட்டி நின்ற கம்பங்களுக்காக உள்ளுக்குள் பெருமையும், அது அவள் கணக்கில் போகிறதே என்ற எரிச்சலும் சேர்ந்தே வரும். ஆய்வுக்கூடத்துக்கு அவள் ரயில் ஏறிய அன்று வழியனுப்ப நான் போகவில்லை.

இரங்கல் கூட்டத்தில் மாஸ்டர், அவள் கட்டுரைகளையெல்லாம் சேர்த்து ஒரு சின்னப் புத்தகம் போடப்போவதாக அறிவித்தார். "மொதல்ல கம்பிக் கட்டுரை. அந்த முடிவ யாராவது மறக்க முடியுமா?" என்றார். என்னைப் பேச அழைத்தார்கள். "நன்றாகக் காது கொடுத்துக் கேட்பாள்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை கார்பன் பிரதியோடு இன்ஸ்டிடியூட்டுக்குப் போனேன். புத்தகம் என்பது இதழ் மாதிரி இல்லை. அது நிற்கும். என் எழுத்து இறந்துபோனவள் பெயரில் நிற்பதை நான் விடத் தயாராக இல்லை. பிரதியை மேசைமேல் வைத்தேன்.

"இது என் கட்டுரை மாஸ்டர்."

"தெரியும்மா. அவளே அன்னிக்குச் சொல்லிட்டுத்தான படிச்சா, விஜயா எழுதினதுன்னு. பேரு ரூல்படி போட்டேன்." அலமாரியிலிருந்து இதழை எடுத்து இரண்டையும் அருகருகே வைத்தார். வரிக்கு வரி விரல் வைத்துக்கொண்டே போனார். என் வார்த்தைகள்தான். கடைசிப் பத்திக்கு வந்ததும் விரல் நின்றது.

"கைகட்டி நிக்கிதா? ஓ, இதத்தான் அன்னிக்கு அந்த மலைக்காரரு புடிச்சிக்கினாரு."

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து கடுக்காய் விற்க வந்த சடையன், பஸ் இல்லாமல் அந்த வாரம் முழுக்க ஊரிலேயே மாட்டிக்கொண்டிருந்தாராம். போக்கிடம் இல்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறார். "கம்பம் எப்டிம்மா கைகட்டும்?" என்று மூன்று முறை கேட்டிருக்கிறார். வரி போய்விட்டது. பிறகு அவர், "லைட்டு இன்னாத்துக்குன்னு எங்கள யாருனா கேட்டாங்களா?" என்றிருக்கிறார். மரகதம் என் தாள்களை முதலிலிருந்து புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல யாரும் கேக்கலீங்க. நீங்க சொல்லுங்க" என்றாளாம்.

இதழில் முடிவு இப்படி இருந்தது. நான் முதல் முறையாகப் படித்தேன்.

"இந்த ஆய்வுகளில் வீடுகளை எண்ணியிருக்கிறார்கள், விளக்குகளை எண்ணியிருக்கிறார்கள். மின்சாரம் எதற்கு வேண்டும் என்று மலையில் இருப்பவர்களைக் கேட்டதாகத் தெரியவில்லை. நாங்கள் ஒருவரைக் கேட்டோம். சாமை குத்த என்றார். பெண்களுக்குக் கை விட்டுப்போகிறது என்றார்."

இரண்டு வருடம் நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த வரி, சடையனையும் மாஸ்டரையும் தவிர வேறு யாருக்கும் ஞாபகம்கூட இல்லை. அத்தனை ஆய்வுகளையும் படித்தவள் நான். அவற்றில் அந்தக் கேள்வி இல்லை என்பது என் கண்ணில் படவில்லை. ஒரே ஒரு மத்தியானம் என் தாள்களைக் கையில் வைத்திருந்தவளுக்குப் பட்டது. அவள் இருக்கும்போது எனக்கு அவள் மேல் இருந்த பொறாமை, அந்த மேசையருகில் நின்றபோது இருந்ததில் பாதிகூட இல்லை.

"ரெண்டு பேரையும் போட்டுடட்டுமா?" என்றார் மாஸ்டர்.

வேண்டாம், அவள் பெயரே இருக்கட்டும் என்று சொல்லியிருந்தால் இந்த நினைவஞ்சலி அழகாக முடிந்திருக்கும். "போடுங்க மாஸ்டர்" என்றேன்.

அவளிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது இந்தப் பொறாமைதான். வேறு பொருள் எதுவும் என்னிடம் இல்லை, புகைப்படம்கூட இல்லை. இப்போது ஒரு கட்டுரையைப் படித்து முடித்ததும், இதில் மரகதம் எதைப் பார்த்திருப்பாள் என்ற எரிச்சலோடு மறுபடி முதல் பக்கத்துக்குப் போகிறேன். சில சமயம் ஏதோ கிடைக்கிறது. பல சமயம் ஒன்றும் கிடைப்பதில்லை.

புத்தகம் போன மாதம் வந்தது. ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அஞ்சலையைப் பார்க்கக் காலனிக்குப் போனேன். அந்தத் தெருவுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. முதல் கட்டுரையைப் பிரித்துக் கையில் கொடுத்தேன்.

"இதுல எம்பொண்ணு பேரு எதும்மா?" என்று கேட்டார்.

"மேல இருக்கிறது."

"கீழ கீறது?"

"என் பேரு" என்றேன்.

சரி என்று தலையசைத்து, புத்தகத்தை மூடி, அரிசிப் பானை மூடிமேல் வைத்துவிட்டு, அவர் வெட்டுக்குக் கிளம்பிப் போனார்.