சூரிபாபுவுக்குச் சொன்ன யுத்தம்

கிரீஸ் வாசனை வந்தால் எனக்கு இன்றும் பொறாமை வருகிறது. ஐம்பது தாண்டிய பெண் வெளியில் சொல்லிக்கொள்ளக் கூடியதில்லை. உங்களிடம் சொல்லலாம். போன வாரம் போர்ட் பிளேரின் ஷாதிபூரில் ஏறிய ஆட்டோவின் கைப்பிடியெல்லாம் கிரீஸ். ஓட்டுநர் அப்போதுதான் எதையோ கழற்றி மாட்டியிருந்தார். என் மடியில் அப்பாவின் ராணுவப் பதிவேட்டு நகல் வைத்த கவர். நான் போய்க்கொண்டிருந்தது சூரிபாபு வீட்டுக்கு. பொறாமைக்கு முகவரி வேண்டுமென்றால் அதுதான்.

அப்பா எழுபத்தொன்று யுத்தத்தில் பொறியாளர் படையில் இருந்தவர். பென்ஷன் வாங்கிக்கொண்டு இந்த அந்தமானுக்கு வந்து ஓர் அரசுத் துறையில் ஜீப் ஓட்டினார். டியூட்டி முடிந்ததும் நேராக ஜங்லிகாட். அங்கே ஸ்ரீகாகுளத்துக்காரரான சூரிபாபு ஜீப் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். இரண்டு மணி நேரம் கழித்து வீட்டுக்கு வரும் அப்பாவின் கையில், எத்தனை சோப்புப் போட்டாலும், சோற்றில் கை வைக்கும்போது அந்த வாசனை இருக்கும்.

அம்மா தட்டை வைத்துக்கொண்டே சொல்வாள்: "பேசாம அந்த ஷெட்டுலயே ஒரு கட்டிலப் போட்டுக்கிடுங்க. சோத்த நான் ஆட்டோவுல அனுப்புறேன்."

அப்பா சிரிப்பார். எங்கள் வீட்டில் அவர் பேசியதையெல்லாம் தொகுத்தால் ஒரு பத்திச் செய்திக்குத்தான் தேறும்.

இந்தத் தீவில் தெலுங்கரும் வங்காளியும் மலையாளியும் நாமும் ஒருவரோடொருவர் பேசுவது இந்தியில். ஆனால், "வாசலுக்கு வெளிய இந்தி, உள்ள தமிழ்" என்பது அப்பா போட்ட சட்டம். அவருடைய யுத்தமோ முழுக்க முழுக்க இந்தியில் நடந்திருந்தது. கட்டளை, வசவு, வேடிக்கை எல்லாமே ராணுவ முகாமின் பாரக்ஸ் இந்தி. வாசலுக்குள் அதைக் கொண்டுவர அவரிடம் தமிழ் இல்லை. இதை நான் புரிந்துகொண்டது வெகுகாலம் கழித்து. அன்று தெரிந்ததெல்லாம், அப்பா சூரிபாபுவோடு பேசுகிறார், என்னோடு பேசுவதில்லை.

பதினோரு வயதில் ஒருநாள் அதைக் கண்ணாலேயே பார்த்தேன். கார் நிக்கோபார் தீவில் வேலை பார்த்த மாமா கப்பலில் வந்திறங்கியிருந்தார். அப்பாவைக் கூப்பிட என்னை அனுப்பினார்கள். அப்பா ஒரு டயர் மேல் உட்கார்ந்து, இரண்டு ஜாக்கிகளின் மேல் பலகையைக் கிடத்திப் பாலம் காட்டிக்கொண்டிருந்தார். "பீச் மே பானி. உஸ் பார் துஷ்மன்." நடுவில் தண்ணீர், அக்கரையில் எதிரி. கையில் இருந்த ஸ்பேனர் அந்தக் கரையைக் காட்டியது. அவர் கையை அவ்வளவு வீசி நான் பார்த்ததே இல்லை.

"ஃபிர் க்யா ஹுவா, ஹவில்தார் சாப்?" என்றார் சூரிபாபு. அப்புறம் என்ன ஆச்சு என்று. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

அப்பா என்னைப் பார்த்துவிட்டார். ஸ்பேனர் கீழே இறங்கியது. "என்னம்மா, யாரு வந்திருக்கா?"

"மாமா."

எழுந்து பேன்ட்டைத் தட்டியபடி சூரிபாபுவிடம், "பாக்கி கல்," என்றார். மீதி நாளைக்கு. சூரிபாபுவுக்கு நாளைகள் இருந்தன.

அன்று அந்த ஒர்க்‌ஷாப் தீப்பிடிக்க வேண்டுமென்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். இரண்டாம் நாள் எங்கோ தீயணைப்பு வண்டிச் சத்தம் கேட்டது. நடுங்கிப்போய் வேண்டுதலை வாபஸ் வாங்கினேன்.

பிறகு பத்திரிகைக்காரியானேன். குடியரசு தினப் பக்கத்துக்காக முன்னாள் ராணுவத்தினர் ஆறு பேரைப் பேட்டி எடுத்தேன். ஆறு பேரும் பேசினார்கள், ஒருவர் அழுதார். ஏழாவதாக நோட்டும் பேனாவுமாக அப்பாவின் முன் உட்கார்ந்தேன்.

"யுத்தத்துல என்னப்பா பண்ணீங்க?"

"ரோடு போட்டோம். பாலம் கட்டுனோம்."

"அப்புறம்?"

"அப்புறம் ஆர்மி அந்தப் பக்கம் போச்சு. எழுதிக்கிட்டியா? சாப்பிடு."

இந்தியில் கேட்டிருக்கலாம். தோன்றாமல் இல்லை, சூரிபாபுவின் மொழியில் என் அப்பாவிடம் கேட்பதா என்ற வீம்பு.

அப்பா போய்ப் பத்து வருஷம் கழித்துத்தான் பதிவேட்டு நகலுக்கு விண்ணப்பித்தேன். படிவத்தில் ராணுவ எண் கேட்டிருந்தது. அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகம் தீவின் ஈரத்தில் அப்பளக் கட்டுபோல ஒட்டிப்போய், எண்ணின் பாதி அழிந்திருந்தது. இரண்டு மாதம் ரோஷமாக இருந்துவிட்டு சூரிபாபுவிடம் போனேன். எழுபதை நெருங்கும் மனிதர் நாற்காலியை விட்டு எழுந்து, விறைப்பாக நின்று, மூச்சு விடாமல் எண் முழுவதையும் ஒப்பித்தார். பிறகு சிரித்தார்: "பேட்டி கோ நஹீ மாலூம்?" மகளுக்கே தெரியாதா? குத்துவதற்காகச் சொல்லவில்லை. குத்தியது.

கவரில் வந்தது இரண்டே தாள். உயரம், மச்சம், போன முகாம்கள். ஓரிடத்தில் சிவப்பு மைப் பதிவு, அதாவது தண்டனை. யுத்தம் தொடங்கியதும் விடுப்பிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டவர் ஏழு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறார். என் முதல் உணர்ச்சி வருத்தமில்லை. இது சூரிபாபுவுக்குத் தெரிந்திருக்காது என்ற சந்தோஷம். உடனே கிளம்பிவிட்டேன்.

ஒர்க்‌ஷாப் இருந்த இடத்தில் இப்போது போன் கடை. மாடியில் அவர் வீடு. விஷயத்தை இந்தியில், ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவர் தாளை வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"சாத் தின்? கஹா தா?" ஏழு நாள் எங்கே இருந்தார்?

"தெரியாது."

"ஹம்கோ தோ கபி நஹீ போலா." எனக்கு ஒருநாளும் சொல்லலையே.

டீ கிளாஸைத் தள்ளி வைத்தார். அந்த முகம் எனக்குத் தெரியும். நாற்பது வருஷம் கண்ணாடியில் பார்த்தது. அவரிடம் அதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, நான் அரை கிளாஸ் டீ குடித்து முடிக்கும் வரை.

பிறகு இருவருமாக, யாரைக் கேட்கலாம் என்று யோசித்தோம். அம்மா, அப்பாவுக்கு ஒரு வருஷம் முன்னாலேயே போய்விட்டாள். ஊரில் பெரியப்பா, அதற்கும் முன்னால். "டென்ட் மே ஏக் தோஸ்த் தா," என்று சூரிபாபு ஒரு பழைய டைரியை எடுத்து வந்தார். அப்பாவோடு ஒரே கூடாரத்தில் இருந்த திருநெல்வேலிக்காரராம். நான் கேள்விப்பட்டதே இல்லை. டைரியில் இருந்த போன் எண்ணைப் போட்டேன். எதிர்முனையில் எடுத்த பெண், தாத்தா தவறி ஆறு மாசம் ஆகிறது, நீங்க யார் பேசுறது என்றாள். சொன்னேன். அவளுக்கு எங்கள் பெயர் எதுவும் தெரிந்திருக்கவில்லை.

சூரிபாபு டைரியை மூடப் போனார். இருங்கள் என்று நிறுத்தி, அந்தப் பெயரையும் ஊரையும் என் நோட்டில் எழுதிக்கொண்டேன். அவரிடம் மட்டும் இருக்க வேண்டாமே.