இடது பக்கம் மந்தம்

1. திரும்பி வந்த ஜோடி

நான் செய்து கொடுத்த பாக்ஸ் கடைக்குத் திரும்பி வந்தால் அன்றைக்கு என்னிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். என்னோடு வேலை செய்யும் விஜயாவுக்கு இது நன்றாகத் தெரியும். லதா டீச்சரின் வண்டி வாசலில் நின்று, பின்னால் அந்த ஜோடி ஆக்டிவ் பாக்ஸ் இறங்குவதைப் பார்த்ததும் அவள் சால்டரிங் அயர்னை ஸ்டாண்டில் வைத்துவிட்டு உள்ரூமுக்குப் போய்விட்டாள்.

என் கடை வில்லியனூர் மார்க்கெட்டுக்குப் பின்பக்கம். ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர், ஸ்பீக்கருக்குக் கோன் மாற்றுவது, ஆர்டர் பிடித்துப் புது பாக்ஸ் செய்வது, இதுதான் தொழில். லதா டீச்சர் அரிசி மண்டிக்கார வீட்டு மருமகள். மண்டியின் மாடியில் பிள்ளைகளுக்குப் பரதம் சொல்லித் தருகிறார். பழைய செட் இரைகிறது, ஆண்டு விழா வருகிறது, நல்லதாக ஒரு ஜோடி வேண்டும் என்று கேட்டிருந்தார். ஆசையாகத்தான் செய்து கொடுத்தேன்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. காது குத்துது. தாளம் தட்டுற சத்தம் வந்தாலே சின்னப் புள்ளைங்க காதப் பொத்திக்கினு நிக்குதுங்க."

"எந்தப் பக்கத்து பாக்ஸு?"

"ரெண்டுந்தான்."

"கீழ டைல்ஸு, செவுத்துல ஒரு துணி கெடையாது. எதிரொலி அடிக்காம இன்னா பண்ணும்? ஹால வுட்டுட்டு பாக்ஸு மேல பழி போடுறீங்க."

"பழைய செட்டும் அதே ஹால்லதாண்ணே பாடிச்சு," என்றார் அவர், குரலை உயர்த்தாமல்.

நியாயமான பேச்சு. அதனாலேயே எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. பாக்ஸ்களை மேஜைமேல் தூக்கி வைத்து, அவர் போனிலிருந்தே பிள்ளைகள் ஆடும் ஜதியைப் போட்டேன். எனக்கு எதுவும் குத்தவில்லை. ஆனால் இடது பாக்ஸ் வலதைவிடக் கொஞ்சம் மந்தமாகக் கேட்டது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

"லெஃப்ட் ட்வீட்டரு டல்லு. பேலன்ஸ் இல்லாததாலதான் உங்களுக்கு என்னமோ மாதிரி இருக்குது. மாத்தித் தரேன், போங்க."

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குதுண்ணே. ரெண்டுமே குத்துது," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

2. பிரீசெட்

ஆக்டிவ் பாக்ஸ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சாதாரண பாக்ஸுக்கு ஆம்ப்ளிஃபையர் வெளியில் இருக்கும். ஆக்டிவில் அது பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். பாட்டு உள்ளே நுழைந்ததும் ஒரு சின்ன போர்டு அதை மிருதங்கம் மாதிரிக் கனமான சத்தம், தாளம், ஜால்ரா மாதிரி மெல்லிய சத்தம் என்று இரண்டாகப் பிரிக்கும். கனமானது ஒரு ஆம்ப் வழியாக ஊஃபருக்கும், மெல்லியது இன்னொரு ஆம்ப் வழியாக ட்வீட்டருக்கும் போகும். எதை எவ்வளவு கூட்டுவது, எதைக் குறைப்பது என்று உள்ளே இருக்கும் பிரீசெட் என்ற குட்டிக் குமிழைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் திருகி முடிவு செய்ய வேண்டும். பாக்ஸின் குணமே அந்தத் திருகலில்தான் இருக்கிறது.

மற்ற டெஸ்ட் எல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யலாம். பென்சில் பேட்டரியை ஸ்பீக்கர் முனையில் தொட்டுக் கோன் முன்னால் குதிக்கிறதா, பின்னால் போகிறதா என்று பார்ப்போம். பாட்டில்லாமல் ஆன் செய்து ஹம் என்று இரைச்சல் வருகிறதா என்று கேட்போம். கனமான பேஸ் சத்தம் ஓடும்போது ஊதுபத்தியைப் பெட்டியின் மூட்டுகளில் காட்டினால், காற்று ஒழுகும் இடத்தில் புகை சிதறும். இதையெல்லாம் விஜயாவே செய்துவிடுவாள். செல்லிப்பட்டிலிருந்து பஸ் பிடித்து வருகிற பெண், ஐ.டி.ஐ. படித்தவள், போர்டு வேலையில் என்னைவிடச் சுத்தம். பிரீசெட்டை மட்டும் நான் அவளைத் தொட விட்டதில்லை. அது என் காதுக்கான வேலை. வில்லியனூர் பக்கம் என்னைத் தேடி வருகிறவர்கள் என் காதை நம்பித்தான் வந்தார்கள். எனக்கு இருந்த ஒரே சொத்தும் அதுதான்.

டியூனிங்குக்கென்று மீட்டர், மைக், கம்ப்யூட்டர் எதுவும் நான் வைத்துக்கொண்டதில்லை. சாவிக்கொத்துதான் என் டெஸ்ட். கடைச் சாவிக்கொத்தை மைக் முன்னால் குலுக்கிப் பதிவு செய்து வைத்திருந்தேன். அதை பாக்ஸில் போடுவது, பக்கத்தில் நிஜக் கொத்தை எடுத்துக் குலுக்குவது. இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும்வரை பிரீசெட்டைத் திருகுவது. சாவி குலுங்கும் சத்தத்தில் இருக்கிற மெல்லிய சிலுசிலுப்பைச் சரியாகக் கொண்டுவந்துவிட்டால் ட்வீட்டர் நம் பிடிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

வருஷங்கள் போகப் போக நிஜக் கொத்தைக் குலுக்குவதை விட்டுவிட்டேன். எதற்கு வீணாக, அந்தச் சத்தம்தான் எனக்கு மனப்பாடமாயிற்றே என்ற திமிர். பதிவை மட்டும் போட்டு, மனசில் இருக்கிற சத்தம் வரும்வரை ட்வீட்டரை ஏற்றுவேன். டீச்சர் ஜோடிக்கும் அப்படித்தான் செய்தேன்.

3. மாற்றி மாற்றி

டீச்சர் போன பிறகு இடது பாக்ஸைப் பிரித்து ட்வீட்டரை மாற்றினேன். மந்தம் போகவில்லை. ஆம்ப் போர்டை மாற்றினேன். அப்படியே இருந்தது. சரி, பாக்ஸையே இடம் மாற்றிப் பார்ப்போம் என்று இடதை வலதில் வைத்து, வலதை இடதுக்குக் கொண்டுவந்தேன். நல்ல பாக்ஸ் என்று நினைத்தது இப்போது மந்தமாகிவிட்டது. மந்தமாக இருந்தது கணீரென்று பாடியது.

அப்படியென்றால் பாக்ஸில் கோளாறு இல்லை. வருகிற சிக்னலில் கோளாறு. கேபிளை மாற்றிக் குத்தினேன். என் போனை வைத்துவிட்டு விஜயாவின் லேப்டாப்பில் போட்டேன். எதைச் செய்தாலும் இடது பக்கத்துக்கு எது வருகிறதோ அது மந்தம். ஷட்டர் திறந்திருக்கிறது, அந்தப் பக்கம் சத்தம் வெளியே ஓடுகிறது என்று சொல்லி ஷட்டரை இறக்கினேன். ஃபேனை நிறுத்தினேன். விஜயா உள்ரூம் வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேபிள்தான். இந்த மொத்த ரோலும் டூப்ளிகேட்டு," என்றேன்.

"அண்ணா, ஒண்ணு சொன்னா கேப்பீங்களா?"

"இன்னா?"

"சேர மாத்தி, செவுத்தப் பாத்து உக்காருங்க. பாக்ஸுக்கு முதுகு காட்டி."

"எதுக்கு?"

"உக்காருங்களேன்."

உட்கார்ந்தேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரம் கணீரென்று பாடிய வலது பாக்ஸ் இப்போது என் இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. அதுதான் மந்தமாகக் கேட்டது. இடத்தை விட்டு நகராத பாக்ஸ், நான் திரும்பியதும் மந்தமாகிவிட்டது. எனக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

பிறகு சாவிக்கொத்தை எடுத்து வலது காதருகில் குலுக்கினேன். சிலுசிலுப்பு ஏதோ கொஞ்சம் இருந்தது, நான் மனசில் வைத்திருந்த அளவுக்கு இல்லை. இடது காதருகில் குலுக்கினேன். டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டின மாதிரி கடகட என்றது. மெல்லிய சத்தம் என்று ஒன்றுமே இல்லை. டீச்சர் சொன்னது சரி, இரண்டு பாக்ஸுமே குத்தத்தான் செய்யும். எனக்குக் கேட்காத சத்தத்தை எனக்குக் கேட்கும்வரை ஏற்றி வைத்திருக்கிறேன்.

"உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?" என்று விஜயாவைக் கேட்டேன்.

"ரொம்ப நாளாவேண்ணா. போன எப்பவும் வலது காதுலதான் வைக்கிறீங்க. இந்தப் பக்கம் நின்னு கூப்ட்டா திரும்ப மாட்டேங்கிறீங்க."

"சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா கத்துவீங்க," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை.

4. கண்ணாடி ரூம்

பெரிய ஆஸ்பத்திரியில் காது டெஸ்ட் எடுக்கச் சின்னதாக ஒரு கண்ணாடி ரூம் வைத்திருக்கிறார்கள். உள்ளே உட்கார வைத்து ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். வாழ்நாளெல்லாம் நான் அடுத்தவர் ஸ்பீக்கரை டெஸ்ட் செய்தவன். அங்கே என்னை டெஸ்ட் செய்தார்கள். முதலில் மடமடவென்று அழுத்தினேன். பிறகு எதுவுமே வரவில்லை. மெஷின் நின்றுவிட்டது என்று நினைத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வெளியே இருந்த பெண் அப்போதும் குமிழைத் திருகிக்கொண்டுதான் இருந்தாள்.

டாக்டர் சின்ன வயசு. படம் போட்ட பேப்பரை என் பக்கம் திருப்பி வைத்தார். கோடு நேராகப் போய், பாதிக்கு மேல் சரிந்து கீழே விழுந்திருந்தது. அந்த மாதிரிக் கோடு ஒரு ட்வீட்டருக்கு வந்திருந்தால் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டியிருப்பேன்.

"என்ன வேலைங்க பாக்குறீங்க?"

சொன்னேன். பாக்ஸ் செய்வதற்கு முன்னால் மைக் செட்டில் வேலை செய்ததையும் சொன்னேன். பாகூர் பக்கத்துத் திருவிழா, கட்சிக் கூட்டம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவோம். குழாய்க்குக் கீழேயே சாப்பிட்டு அங்கேயே படுத்துக்கொள்வோம். ஜெனரேட்டர் எப்போதும் என் இடது பக்கம் ஓடும்.

"நரம்பு தேஞ்சிபோச்சுங்க. போனது வராது. இருக்கிறதக் காப்பாத்திக்கலாம். காதுல மெஷின் வெச்சிக்கிட்டீங்கன்னா பேச்சு நல்லாக் கேக்கும்."

"பாட்டு?"

அவர் அந்தப் பேப்பரை மடித்துக் கொடுத்தார். "பேச்சு கேக்கும்," என்றார் மறுபடியும்.

5. டீக்கடை

பஸ்ஸில் உட்கார்ந்ததும் வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. இதற்கு முன்னால் எத்தனை பேருக்கு இப்படிச் செய்து கொடுத்தேன்? வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. தவளக்குப்பம் போனேன். அங்கே ஜங்ஷனில் ஒரு டீக்கடையில் என் ஜோடி ஒன்று மாட்டியிருக்கிறது. அந்த பாக்ஸ்களுக்கு முன்பக்கத்தில் மெல்லிய சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரெபிள் குமிழ் உண்டு.

குமிழ் முழுக்கக் குறைத்து வைக்கப்பட்டிருந்தது. யாரும் திருப்பிவிடாமல் இருக்க அதன்மேல் இன்சுலேஷன் டேப் வேறு ஒட்டியிருந்தார்கள்.

"இதை ஏம்பா இப்டி வெச்சிருக்கற?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

அவர் திருடிப் பிடிபட்டவர் மாதிரி சிரித்தார். "கொஞ்சம் கீச்சுனு இருந்திச்சு மேஸ்திரி. நீங்க வெச்ச சவுண்டு, நமக்கு இன்னா தெரியும்னு வுட்டுட்டேன்."

டீயைக் குடித்தேன். நன்றாக இருக்கிறது என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போய் என்ன செய்தார்களோ. யாராவது என்னைக் கிண்டல் செய்திருந்தால்கூடத் தேவலை. மரியாதையாக இருந்துவிட்டார்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

6. யார் சொல்வது

மறுநாள் ஸ்க்ரூடிரைவரை விஜயாவிடம் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை.

"நீங்க இருக்கும்போது நானாண்ணா?"

"நான் இருக்கறது இன்னாத்துக்கு ஆவுது? பிடி."

பதிவைப் போட்டு, நிஜக் கொத்தைக் குலுக்கிக் குலுக்கி அவள் ட்வீட்டரைக் குறைத்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு திருகலுக்கும் பழக்கதோஷத்தில் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"என்னக் கேக்காத. உன் காதக் கேளு," என்றேன். எரிச்சலாகத்தான் வந்தது. அவள் மேல் அல்ல. அவள் குறைக்கக் குறைக்க எனக்கு அந்தச் சாவிச் சத்தம் செத்துக்கொண்டே போனது. அவள் சரியாக இருக்கிறது என்று நிறுத்திய இடத்தில், என் காதுக்கு பாக்ஸின்மேல் போர்வையைப் போட்டு மூடியது போலிருந்தது. கையை நீட்டித் திருப்பி ஏற்றிவிடலாமா என்று ஒரு நிமிஷம் ஆசை வந்தது. எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் இரண்டு விஷயத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். குழாய்க்குக் கீழே நிற்காதீர்கள், நின்றால் காதை அடைத்துக்கொள்ளுங்கள், வருஷத்துக்கு ஒருமுறை காதை டெஸ்ட் செய்யுங்கள். இது ஆஸ்பத்திரியிலேயே சொல்வார்கள். இன்னொன்று நான் சொல்வது. குத்துகிறது என்று ஒருவர் சொன்னால் முதலில் அவரை நம்புங்கள். அதைச் சொல்ல யாருக்கும் வாய் வராத மாதிரி நடந்துகொள்ளாதீர்கள். என் காது ஒரே நாளில் போகவில்லை. போகும் வழியெல்லாம் பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. என் வாய்க்குப் பயந்து பேசாமல் இருந்துவிட்டார்கள்.

டீச்சருடைய ஹாலில் பாக்ஸை வைத்துப் போட்டுக் காட்டினோம். பிள்ளைகள் ஆடின. யாரும் காதைப் பொத்தவில்லை. டீச்சருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இதாண்ணே உங்க கை. அன்னிக்கு ஏதோ ஆயிப்போச்சு."

"டியூனிங் நான் பண்ணல டீச்சர். விஜயா பண்ணிச்சு. எனக்குக் காது போயிடுச்சு."

அவர் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தார், விஜயாவைப் பார்த்தார். நான் சொன்னதை அவர் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டாரா, நம்பவே மனசு வரவில்லையா, தெரியவில்லை.

"இருக்கட்டும்ணே. நீங்க ஒருவாட்டி கேட்டு, நல்லா இருக்குதுன்னு சொல்லிடுங்க. எனக்கு அது போதும்."

நடுவில் ஒரு சேர் போட்டார். உட்கார்ந்தேன். மறுபடியும் ஜதியைப் போட்டார்கள். மிருதங்கம் கேட்டது. ஜதி சொல்கிறவர் குரல் வலது பக்கமாகக் கேட்டது. தாளம் எங்கே அடிக்கிறது என்று தேடினேன். பிள்ளைகளின் காலைப் பார்த்து, இங்கே அடித்திருக்கும் என்று நானே எண்ணிக்கொண்டேன். பாட்டு முடிந்ததும் எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் விஜயாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் லேசாகத் தலையை ஆட்டினாள்.

"நல்லா இருக்குது டீச்சர்," என்றேன்.