யூத ஆலய வாசலில் கழற்றிய சப்பாத்து

பதினைந்து வருடம் இந்த ரொறன்ரோத் தமிழர் குழுவில் ஒன்றும் எழுதாமல் வாசித்தது போதும். இன்று எழுதிவிடுகிறேன்.

மனைவி யூதப் பெண். நான் யாழ்ப்பாணத்துச் சைவன். பதினொரு வயது மகள், அம்மாவின் முறைப்படி பன்னிரண்டு வயதுச் சடங்கில் சபை முன் மேடை ஏறி வேதம் வாசிக்க ஆசைப்படுகிறாள்.

ஏற்கனவே இரண்டு ஆலயங்களில், "அப்பாவும் யூதரா?" என்று கேட்டார்கள். அதன் பிறகு மின்னஞ்சலுக்குப் பதிலே இல்லை. இரண்டு இடத்தையும் நான் மறக்கவில்லை, மறக்கும் எண்ணமும் இல்லை.

இன்று காலை மூன்றாவது ஆலயம். சண்டைக்கு ஆயத்தமாகத்தான் போனேன். போன வேகத்தில், பழக்கதோஷத்தில் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டேன்.

"ஐயோ அப்பா, இது எங்கட ஸ்காபரோச் சைவக் கோயில் இல்லை. போடுங்கோ, ப்ளீஸ்!" என்றாள் மகள். காலுறை ஓட்டையில் என் பெருவிரல் தெரிந்தது.

வாசலில் நின்ற ரபி, அதாவது அவர்களுடைய குரு, ஒரு பெண். "எங்கள் வேதத்தில் மோசேயும் கடவுள் முன் கழற்றியவர்தான். ஆனால் அவருக்கு ரொறன்ரோப் பனி இல்லை" என்றார். பிறகு மகளிடம், "நீ வாசிக்கிற நாளில் அப்பா மேடையில் உன் பக்கத்தில் நிற்பாரா?" என்று கேட்டார்.

மகள் என்னைப் பார்த்தாள்.

நான் பாடமாக்கி வைத்திருந்த ஆங்கிலக் கண்டனம் முழுவதும் வீணாகிப் போயிற்று. "ஓம், நிக்கிறன்" மட்டும்தான் வந்தது, அதுவும் தமிழில்.

இந்தக் குழுவில் பெயர் போடாமலே பதிகிறேன். எங்களை ஒருவரும் சேர்த்துக்கொள்வதில்லை என்று உங்களில் பாதிப் பேரிடம் புலம்பியிருக்கிறேன். பெயரைப் போட்டால் அதையெல்லாம் திரும்பப் பெறச் சொல்வீர்கள். அதற்கு எனக்கு இன்னும் மனம் வரவில்லை.