கடன் அரிசியில் ஒரு பிடி

அரிசிக்குத் தட்டுப்பாடு இருந்த அறுபதுகளில், இலுப்பூரில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு கிறிஸ்தவ உபதேசியாரின் மனைவி குடியிருந்தார். ஒல்லியான உடம்பு, காதில் தோடு கிடையாது, மூன்று பிள்ளைகள். கணவரின் சம்பளம் வந்ததும் காணிக்கையை எடுத்து வைத்துவிட்டுத்தான் வாடகை, மளிகை என்று பிரிப்பார். உலை வைக்கும்போதும் அப்படித்தான். அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்து மூலையிலிருந்த கலயத்தில் போடுவார். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும்.

ஒரு மாதம் சம்பளம் இருபது நாளாகியும் வரவில்லை.

"ஒரு படி அரிசி இருந்தா குடுங்கக்கா, சம்பளம் வந்ததும் தந்துர்றேன்" என்று வந்து நின்றார்.

எங்கள் பானையிலும் மூன்று படிதான் கிடந்தது. மனசில்லாமல் ஒரு படியை முறத்தில் அளந்து கொடுத்தேன். முறத்தை வாங்கி வரப் பின்னாலேயே போனேன். அங்கே, நான் கொடுத்த அரிசியிலும் ஒரு பிடி கலயத்துக்குப் போனது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "புள்ளைக பசியோட நிக்குதுக. கடன் அரிசியிலுமா எடுப்பீங்க? நாளைக்கு என்ன பண்றதுன்னு பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்குக்கா. இன்னைக்கு எடுக்காம விட்டேன்னா, இனிமே எனக்கு ஆண்டவர் இல்ல, இந்தப் பானைதான்னு ஆயிரும். அப்புறம் எனக்குத் தூக்கமே வராது."

அந்தப் பயத்திலும் அவர் எடுத்த பிடி சின்னதாக இல்லை.

அன்று விளக்கு வைத்த பிறகு, மீதமிருந்த இரண்டு படியை நான் மூன்று தடவை அளந்து பார்த்தேன்.