கிளியம்மா வீட்டு இருமல்

என் அக்காவின் கணவருக்குத் தெருவில் ‘கிளியம்மா’ என்று பெயர். மீசை வைத்த அம்மா. கொண்டை வைத்த, காக்கட்டீல் என்கிற சின்னக் கிளிகளை ஜோடி சேர்த்துக் குஞ்சு பொரிக்க வைப்பார். கண் திறந்ததும் குஞ்சைக் கூட்டிலிருந்து எடுத்து, கூழ் காய்ச்சி, சிரிஞ்சில் ஊட்டுவார். சூடு கூடினால் இரைப்பை வெந்துவிடும், ஆறிப்போனால் உள்ளே புளித்துவிடும் என்று ஒவ்வொரு முறையும் ஒரு சொட்டைத் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்ப்பார். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. அத்தானுக்குக் கிளிக் குஞ்செல்லாம் பொன்குஞ்சு.

அவர் காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பக்கத்து அறையில் இருந்தபடியே, எந்தக் குஞ்சுக்கு மூச்சு இழுக்கிறது என்று சொல்லிவிடுவார். கூண்டுத் தட்டுகளைச் சுரண்டிக் கழுவிய அக்கா வருடக்கணக்கில் இருமியது மட்டும் அந்தக் காதில் ஏறவில்லை. “சுவத்துல ஈரம். பெயிண்ட் அடிச்சா சரியாயிடும்” என்பார். பெயிண்டும் அடித்தார். நன்றாக வரும் என் வாயில்!

மாடிப்படியில் பாதி ஏறி அக்கா உட்கார்ந்துவிட்ட பிறகுதான் டாக்டரிடம் போனார்கள். “கிளியோட இறகுத் தூள் இவங்க நுரையீரலைக் கெடுத்திருக்கு. ஒண்ணு கிளிங்க வெளிய போகணும், இல்ல இவங்க போகணும்” என்றார் டாக்டர். அக்கா என் வீட்டுக்கு வந்தாள். கிளிகள் எங்கும் போகவில்லை.

இங்கே அவளுக்கு மூச்சு சீரானது. மனசு மட்டும் அங்கேயே கிடந்தது.

ஒரு நாள் அத்தான் வந்தார். “எல்லாத்தையும் குடுத்துட்டேன். கூண்டையும் வித்தாச்சு. வீட்டைத் தேச்சுக் கழுவிட்டேன். கிளம்பு.”

அக்கா அழுதாள், சிரித்தாள், அவசர அவசரமாகப் பையில் துணியை அடைத்தாள். அவள் முகத்தை அப்படிப் பார்த்து நாளாகியிருந்தது. பையைத் தூக்க அத்தான் அவள் பக்கம் குனிந்தார். அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது, நின்றபாடில்லை. அவர் சட்டைக் காலரில் மாவு போல வெள்ளைத் தூள்.

“ஒரே ஒரு குஞ்சுதான்” என்றார் அத்தான். “இன்னும் தானா தின்னத் தெரியாது. அதை எப்படிடி விடுறது?”

அக்கா மூச்சை இழுத்துப் பிடித்துச் சொன்னாள்: “போய் ஊட்டுங்க. நான்தான் தானா தின்னப் பழகிட்டேனே.”

எனக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினார். ஊட்டும் நேரமாம்.